கேட்காதவருக்கு முதலில் ஊற்றுங்கள்

தம்பிகளே,

என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். தப்பாக இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவரில் யாருக்குப் படிக்க வருமோ அவர் மற்றவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால் போதும்.

இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். சத்திரத்து மணியக்காரரும் அப்படித்தான் சொன்னார். "மலைப் படியில தண்ணிப் பந்தலுக்கு ரெண்டு ஆளு புதுசா வந்துகீறாங்க. நீ இத்தினி வருசம் பாத்தவன். போயி நாலு வார்த்தை சொல்லிட்டு வா" என்றார். நானும் ஏறி வந்தேன். நீங்கள் இருவரும் பந்தலுக்குக் கீற்று கட்டிக்கொண்டே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னா பெரியவரே, தண்ணி வோணுமா?" என்று கேட்டீர்கள். நான் கையை நீட்டினேன். ஊற்றினீர்கள். குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். அந்த ஆள் நான்தான்.

நன்றாகத்தான் ஊற்றினீர்கள். ஆனால் நான் போதும் என்று விரலை மடக்குவதற்கு முன்பே அடுத்த ஆளைப் பார்த்துவிட்டீர்கள். தண்ணீர் என் முழங்கை வழியாக ஓடி வேட்டியை நனைத்தது. குற்றமாகச் சொல்லவில்லை. எல்லோரும் முதலில் அப்படித்தான் ஊற்றுவார்கள்.

நம் வேலையில் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்காது. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ஜனம் படியேறிக்கொண்டே இருக்கும். வருகிறவர்கள் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயோரம் வைத்துக்கொள்வார்கள். நமக்குத் தெரிவது உச்சந்தலையும் கையும்தான். அதனால் கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகிக்கொண்டே இருந்தால் அவருக்குக் கை நடுங்குகிறது என்று அர்த்தம். அவரை உட்காரச் சொல்லுங்கள். வேர்த்துக் கொட்டுகிறவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த வெயிலில் இத்தனை படி ஏறியும் ஒருவர் கை வேர்வையே இல்லாமல் காய்ந்து, அடுப்புக் கல் மாதிரி சுட்டால், அவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் பக்தி என்று பலர் நினைத்தார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் முக்கியமான காரணம், இதற்குப் பேச வேண்டியதில்லை. திருவாலங்காட்டில் என் அண்ணன் வீட்டில் இருந்து நெல் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நடவானாலும் அறுப்பானாலும் பேச்சும் கேலியும் பாட்டும்தான். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். எனக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் வீட்டார் என்னிடம் நாலு கேள்வி கேட்டார்கள். நான் நாலுக்கும் தலையை ஆட்டினேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் வேண்டும் என்று சத்திரத்தில் கேட்டபோது, கேட்டால் ஊற்றுவதுதானே, பேச என்ன இருக்கிறது என்று வந்து சேர்ந்தேன்.

திருவிழா நாளை மட்டும் வைத்து இந்த வேலையை எடை போடாதீர்கள். மற்ற நாட்களில் நீங்களும் பானையும் குரங்கும்தான் இருப்பீர்கள். மலையிலிருந்து பார்த்தால் கீழே ரயில் போவது தெரியும். அத்தனை ஜன்னலிலும் ஆள் இருக்கும். ஒருவருக்கும் நீங்கள் இங்கே நிற்பது தெரியாது. நீங்கள் இரண்டு பேராக இருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது தெரியாது.

நான் வந்தபோது பந்தலில் ஏற்கெனவே ஓர் அம்மாள் இருந்தார். பானை, தவலை, சொம்பு எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது அவர் வேலை. அவர் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. எல்லோரும் பானைக்கார அம்மா என்பார்கள். அவர் என்னை ஊமை என்பார். எனக்குச் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

வந்த புதிதில், கூட்டத்தில் யார் உரக்கக் கத்துகிறார்களோ அவர்களுக்கே ஓடி ஓடி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கழுவுகிற சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"ஏண்டா ஊமை, கத்தறவனுக்கே ஊத்திகினு கீறியே. கத்தறவனுக்கு இன்னும் தெம்பு கீதுடா. அதோ பாரு, பாறை மேல சாஞ்சிகினு ஒருத்தி வாயே தொறக்காம கீறா. அவளுக்குப் போயி குடு மொதல்ல."

போய்க் கொடுத்தேன். அந்தப் பெண் வாயோரம் வெள்ளை பூத்திருந்தது. ஒரு வாய் குடித்த பிறகுதான் அழுகையே வந்தது அவளுக்கு. கேட்காதவருக்கு முதலில் ஊற்ற வேண்டும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கூட்டம் எவ்வளவு திட்டினாலும் நான் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன்.

அந்த அம்மாளின் சாமர்த்தியத்துக்கு இன்னொன்று சொல்கிறேன். பந்தலின் முன்னால் ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கிறதே, அது ஒரு தனவந்தர் கொடுத்தது. கிருத்திகை அன்று காலையில் நாலு ஆள் தூக்கி வந்தார்கள். பொன் மாதிரி மின்னியது. அவர் பெயரும் வெட்டியிருந்தது. அதில்தான் நீர்மோர் ஊற்றி ஜனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஈயம் பூசவில்லை. ஈயம் பூசாத பித்தளையில் மோரை வைத்தால் களிம்பு ஏறிவிடும். குடித்தவர்களுக்கு வாந்தி வரும். திருவிழாக் கூட்டத்தில் நாலு பேர் வாந்தி எடுத்தால், வாந்திபேதி வந்துவிட்டது என்று மலையே கலைந்து ஓடும். அந்த நெரிசலில் படியில் விழுந்து சாகிறவர்கள் எத்தனை பேரோ. ஆனால் சாமி பேரில் கொடுத்த பாத்திரத்தை வேண்டாம் என்று யார் சொல்வது? மணியக்காரர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

பானைக்கார அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"ஐயா, மோரு யாரு வோணா எதுல வோணா குடுப்பாங்க. காவடி எடுத்துகினு வெறுங்காலோட வராங்களே, அவங்க பாதத்துல ஊத்தறதுக்குத் தண்ணி வெக்க நல்ல பாத்தரமே இல்லாம கீதுங்க. பாதத்துக்கு ஊத்தற தண்ணி சாமிக்கே ஊத்தற மாதிரிதானே? அந்த எடத்துல உங்க அண்டா நின்னா எப்படி இருக்கும்!"

தனவந்தருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், அதான் சரி, முன்னால வை" என்றார். அண்டா முன்னால் போனது. மோர் பின்னால் மண்பானைக்குப் போனது. அவர் போன பிறகு அந்த அம்மாள் என்னிடம், "சண்டை போட்டிருந்தா அவரு ஜெயிச்சிருப்பாரு. சனம் தோத்திருக்கும்" என்றார். இந்த வேலையில் யார் நம்பிக்கையையும் தட்டிவிட்டுப் போக முடியாது. அதை மிதிக்காமல் தாண்டிப் போகிற வழி ஒன்று இருக்கும். நிதானமாகத் தேட வேண்டும்.

உச்சி வெயில் ஏறும்போது அவர் என் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை டொக்கென்று வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நான் குடித்து முடிக்கும்வரை நகரவும் மாட்டார். அத்தனை பேச்சுப் பேசுகிறவர் என்னிடம் பேசாமல் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

ஒரு தை மாதத்தில் அவர் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. பானையையும் நானே தேய்த்தேன். டொக்கென்று சொம்பு வைக்கிற சத்தம் நின்றுபோனது. நாள் முழுவதும் தண்ணீருக்கு நடுவிலேயே நின்றுகொண்டு, மாலையில்தான் நினைவு வரும், காலையிலிருந்து நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று. தலை வலிக்கும், நாக்கு ஒட்டும், சிறுநீர் மஞ்சள் கரைத்த மாதிரி போகும், எரியும். யாரிடம் சொல்வது? சூடு என்று விட்டுவிடுவேன். அப்படியே வருஷக்கணக்கில் விட்டதில்தான் கல்லடைப்பு வந்தது. அந்த வலியை எதிரிக்கும் வேண்டாம். ஆஸ்பத்திரியில், "என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டார்கள். தண்ணீர் ஊற்றுகிற வேலை என்றேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் வலியோடு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்த வயதிலேயே நான் கீழே சத்திரத்தில் வாசல் காத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மேலே இருக்கிறீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதற்குத்தான் இத்தனை நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசியும் கிடைக்காது, தறிக்கு நூலும் கிடைக்காது. ஆனாலும் ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் குறையவில்லை. பானைக்கார அம்மா போன பிறகு வந்த முதல் கிருத்திகை அது. அடிவாரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கிவர அன்றைக்கு மட்டும் கூலிக்கு இரண்டு பேர். ஊற்றுவதற்கு நான் ஒருவன்.

உச்சி வேளை. ஆடிக் காற்று ஒரு பொட்டுகூட அசையவில்லை. ஓரத்தைப் பார்த்தேன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தோளில் புஷ்பக் காவடியோடு நின்றிருந்தார். மஞ்சள் வேட்டி, வெறுங்கால். கண் பாதி மூடியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் வேர்வையில் குளித்துக்கொண்டிருக்க, இவர் உடம்பு மட்டும் பொட்டல் தரை மாதிரி காய்ந்திருந்தது. புறங்கையைத் தொட்டேன். சுட்டது.

சொம்பைத் தூக்கினேன். கூட வந்தவர் குறுக்கே கை வைத்தார்.

"வேணாங்க. கொயந்தைக்காக எங்க மாப்ள வேண்டிகின வேண்டுதலு. சாமி கிட்ட காவடி எறக்கற வரைக்கும் வாயில சொட்டுத் தண்ணி படக்கூடாது. நேத்துலேர்ந்து அப்படித்தான் நடந்து வந்துகினு கீறாரு."

நகரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற நெசவுக்காரர்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு. கூட வந்தவர் காவடிக்காரருடைய மனைவியின் அண்ணன். அவர்கள் முறையில் பாவா.

காவடிக்காரர் ஒரு படி ஏறினார். அடுத்த படிக்குக் கால் வரவில்லை. அப்படியே மடங்கினார். நான் அவரைப் பிடித்தேன், பாவா காவடியைப் பிடித்தார். காவடி தரையில் படக்கூடாதே.

"ஏந்துரு மாப்ள, இன்னும் கொஞ்சந்தான் கீது, ஏந்துரு" என்று பாவா கெஞ்சினார்.

கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "வாயில ஊத்துய்யா, உசுரு போயிடப் போவுது" என்றார் ஒருவர். "ஊத்தினா வேண்டுதலு கெட்டுடும், கொயந்தைக்கு ஆவாது" என்றார் இன்னொருவர். காவடிக்காரர் என் கையிலிருந்த சொம்பைப் பார்த்துப் பற்களை இறுகக் கடித்துக்கொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது, கொடுத்தாலும் குடிக்க மாட்டார்.

பானைக்கார அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவும் நான்தான் இருந்தேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி கேட்டது.

"ஏங்க, கொயந்தைக்கு நீங்க தாய்மாமன்தானே? காது குத்தறதுன்னா உங்க மடியிலதானே உக்கார வெப்பாங்க? கொயந்தைக்காக எடுத்த காவடியை மாமன் தூக்கினா சாமி வேணான்னு சொல்லுமா? நீங்க எடுத்துகினு மேல போங்க. எறக்கிட்டு, தீர்த்தம் வாங்கிகினு ஓடியாங்க. அதுவரைக்கும் நான் வாயில ஊத்த மாட்டேன்."

பாவா மைத்துனரைப் பார்த்தார். காவடிக்காரர் கண்ணைத் திறந்து மெல்லத் தலையை அசைத்தார். பாவா காவடியைத் தோளில் மாற்றிக்கொண்டு அரோகரா என்று ஏறினார்.

வாயில் ஊற்ற மாட்டேன் என்று சொன்னேனே தவிர, வேறு எங்கும் ஊற்ற மாட்டேன் என்று சொல்லவில்லை. அவரை நிழலில் கிடத்தி, முன்னால் இருந்த பித்தளை அண்டாவிலிருந்து மொண்டு பாதத்தில் ஊற்றினேன். காவடிக்காரர் பாதத்தில் ஊற்றுவது வழக்கம்தானே, யாரும் தடுக்கவில்லை. பிறகு முழங்காலில், மார்பில், தலையில் ஊற்றினேன். மேல்துண்டை நனைத்து அக்குளிலும் கழுத்திலும் வைத்தேன். ஓலை விசிறியால் வீசினேன். உடம்பு தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்குமோ என்று தோன்றியது, அவ்வளவு சூடு.

பின்னால் கூட்டம் கத்தியது. "யோவ், தண்ணி ஊத்தற ஆளு எங்கய்யா பூட்டான்?"

கூலி ஆள் ஒருவர் ஊற்றப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. கத்துகிறவனுக்குத் தெம்பு இருக்கிறது.

தம்பிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். நினைவு தப்பிய ஆள் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் ஏறிவிடும், நாமே கொன்ற மாதிரி ஆகிவிடும். தெளிவாக இருக்கிற ஆளோ குடிக்க மாட்டேன் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி ஒன்று வரும். பிடிவாதம் போய், நினைவு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற நேரம். அப்போது ஊற்றினால் குடிப்பார், பிழைப்பார். அதைத் தவற விட்டால் ஆள் இல்லை. அந்த நேரம் வந்தால் கொடுத்த வாக்கை மீறி ஊற்றிவிடுவது, பாவம் என் தலையில் விழட்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் அது வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். ஊமையிடம் வந்து சேர்ந்தது அந்த வேலை.

"உங்க கொயந்த பேரு இன்னா?" என்று கேட்டேன்.

"குப்பம்மா."

முன்பு பிறந்தது நிற்காவிட்டால் அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து அப்படிப் பெயர் வைப்பார்கள். நான் மேலே கேட்கவில்லை. பதிலுக்கு நானே பேச ஆரம்பித்தேன். எங்கள் அண்ணன் வீட்டு எருமை, பெண் பார்த்த கதை, குரங்கு என் வேட்டியைத் தூக்கிக்கொண்டு போனது, பானைக்கார அம்மா, கீழே போகிற ரயில் என்று எதையெதையோ. எனக்குள் இத்தனை பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. நடுநடுவே நிறுத்தி, "கொயந்த பேரு இன்னா?" என்று கேட்பேன். "குப்பம்மா" என்பார். விசிறுவேன். மறுபடி பேசுவேன்.

ஒரு தடவை கேட்டபோது, "ரத்தினம்" என்றார்.

நினைவு தப்புகிறது, அந்த நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சொம்பை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அவர் கண்ணைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்லண்ணா. ரத்தினம் பெரிசு. அது இல்ல இப்ப. அதுக்கு அடுத்ததும் இல்ல."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதல் இரண்டு குழந்தைகளும் வாந்திபேதியில் போனவை. பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்களாம். அதனால் கொடுக்கவில்லை.

"நைனா தண்ணி, நைனா தண்ணின்னு என் கையப் புடிச்சிகினே கேட்டுதுண்ணா. நான் சொம்பத் தூக்கி ஒளிச்சி வெச்சேன். நல்லதுக்குன்னுதான் வெச்சேன். குப்பம்மாவுக்கும் வந்துது. அவ அம்மா ஆரு பேச்சும் கேக்கல. நீராகாரத்துல உப்பு போட்டு, துணியில நனைச்சி நனைச்சி வாயில புழிஞ்சிகினே இருந்தா. பொழைச்சிகிச்சி. அதுங்க ரெண்டும் தவிச்ச தவிப்ப ஒரு நாளு நானும் தவிக்கணும்னுதான் வேண்டிகினேன்."

துண்டை மறுபடி நனைத்து வைத்தேன். பேச்சு நின்றுவிட்டது என்று நினைவு வந்து, மறுபடி ஏதோ பேச வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. பேசிப் பழக்கமில்லாத தொண்டை. காலையிலிருந்து அதில் ஈரமும் படவில்லை.

அவர் என்னையே பார்த்தார். உதடு வெடித்து, நாக்கு தடித்துப் போயிருந்த அந்த மனுஷர் கேட்டார்:

"நீ குடிச்சியாண்ணா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"குடி."

"நீங்க குடிக்கும்போது குடிக்கிறேன்" என்றேன்.

சொம்பைத் தள்ளி வைத்தேன். இனிக் குழந்தை பெயரைக் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்தவர் தாகம் கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் அவருக்கு நினைவு தப்பவில்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்க ஆரம்பித்திருந்தது. நான் விசிறிக்கொண்டே படியைப் பார்த்தேன். அவரும் படியைப் பார்த்தார். எத்தனையோ பேர் இறங்கினார்கள். பாவாவைக் காணவில்லை. யாரோடாவது உட்கார்ந்து ஒன்றுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாவா கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். நெற்றி முழுக்க விபூதி. கையில் சின்னச் செம்பு, அதன் வாயை உள்ளங்கையால் மூடியிருந்தார்.

"எறக்கிட்டேன் மாப்ள. உன் பேரைச் சொல்லித்தான் எறக்கினேன். சாமி ஏத்துகிச்சி. இந்தா தீர்த்தம்."

காவடிக்காரர் கையை நீட்டினார். கையில் விழுந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் விட்டார். அதன் பிறகு சொம்பைப் பிடுங்க வந்தார். இந்த இடத்தில்தான் இன்னொரு ஆபத்து. காய்ந்து கிடந்த வயிற்றில் குடம் குடமாக விட்டால் அப்படியே வெளியே வரும். நான் மதியத்துக்கு வைத்திருந்த நீராகாரத்தில் உப்புப் போட்டு, ஒரு வாய் கொடுத்து நிறுத்தினேன்.

"மெல்ல. தண்ணி எங்கியும் ஓடிடாது" என்றேன்.

ஒரு வாய், பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். நடுவில் நானும் குடித்தேன். வெயில் சாய்ந்ததும் பாவா தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கை கூப்பினார். நானும் கூப்பினேன். இறங்கிப் போய்விட்டார்கள். குழந்தை பெயரை அத்தனை தடவை கேட்டவன், அவர் பெயரைக் கேட்கவில்லை.

அந்த வருஷம் முழுவதும் எனக்குப் பந்தல் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. முன்பும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அது அப்போது உறைத்ததில்லை. பேசிப் பழகிய தொண்டை மறுபடி அடைத்துக்கொண்டது. சில நாள் குரங்கைப் பார்த்து, "கொயந்த பேரு இன்னா?" என்று கேட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. அதே கூட்டம். உச்சந்தலைகளும் கைகளுமாக வந்துகொண்டே இருந்தன. கைகளில் ஒரு ஜோடி மிகச் சின்னதாக இருந்தது. ஒரு பெண் குழந்தை. பக்கத்தில் மஞ்சள் வேட்டி கட்டின ஒருவர், கூட்டம் இடிக்காமல் குழந்தையை அணைத்துப் பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாலும் என்னைத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். அன்றைக்கு இருந்த நிலையில் யாருக்கு முகம் நினைவிருக்கும்? நானாகச் சொல்வதும் என்னால் ஆகாது. ஊற்றினேன். குழந்தை மூச்சு விடாமல் மடக் மடக்கென்று குடித்தது, புரையேறியது.

"மெல்லக் குடி குப்பம்மா. தண்ணி எங்கியும் ஓடிடாது."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் சடக்கென்று நிமிர்ந்தார்.

நீதானே அது என்று அவர் கேட்கவில்லை. பின்னால் ஜனம், "நவுருய்யா, நவுரு" என்று இடித்துக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. எட்டி என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார்.

"நீ குடிச்சியாண்ணா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாயோரம் வைத்துக்கொண்டேன். அவர் ஊற்றினார். அதுவரை ஊற்றியே வந்த நான் பந்தலில் முதல் தடவையாகக் கை நீட்டியது அன்றைக்குத்தான். விரலை மடக்கும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் வந்தார்களோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

நாளைக்குக் கூட்டம் ஏறும். உச்சி வேளையில் உங்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

விரோதி வருஷம், ஆடி மாதம், கிருத்திகைக்கு முன்தினம் பரணி.